இடது பூட்ஸில் இருந்தது

உலான்பாத்தரில் இந்த வாரமும் பள்ளி கிடையாது.
புகை விடுமுறை.
இரவெல்லாம் அனல் நிலையத்தில் கரி தள்ளிவிட்டு வருகிறேன்.
அந்தப் புகையில் என் பங்கும் உண்டு,
அதனால் பகலில் பள்ளிக்கூடமும் நான்தான்.

துல்மா டிராலி பஸ் ஓட்டக் கிளம்பும்போது சொன்னாள்:
கூட்டல் சொல்லிக்கொடு. தூங்கிவிடாதே.

நரன்தூல் சந்தையில் எடைபோட்டு வாங்கிய கட்டைகள்.
ஒன்றரைக் கிலோ.
எந்த ஊர்க் குழந்தை வளர்ந்து கழித்துக்கட்டியதோ,
பெட்டி இல்லை, எப்படிக் கட்டுவது என்ற தாள் இல்லை.
ஏழு சக்கரங்கள் இருக்கின்றன. எட்டாவது இல்லை.
தலையில்லாத தீயணைப்பு வீரர் ஒருவர் இருக்கிறார்.

தரையில் கொட்டினால் ஆலங்கட்டி மழை.
கீழ்வீட்டு ஸெவெக் வெந்நீர்க் குழாயை மூன்று முறை தட்டுவார்.
அவருக்கும் எங்களுக்கும் அவ்வளவுதான் பழக்கம்.

எட்டுக் குமிழ் உள்ள நீளக் கட்டையை நடுவில் வைத்தேன்.
"இதே நீளத்துக்குச் சின்னதுகளை அடுக்கு."
எனெரெல், ஆறு வயது,
ஒவ்வொரு குமிழையும் விரலால் அழுத்தி எண்ணினாள்,
அழைப்பு மணி அடிப்பது போல.
நான்கை வைத்தாள். இரண்டை வைத்தாள்.
குவியலைக் கிளறினாள்.
"இன்னொரு ரெண்டு இருந்துச்சு. செவப்பு. நேத்து பார்த்தேன்."
சோபாவுக்கு அடியில் கையை விட்டால்
காய்ந்த தயிர்க்கட்டி ஒன்று வந்தது,
விளையாடித் தொலைத்த ஆட்டுக் கணுக்கால் எலும்பு ஒன்று வந்தது.
ரெண்டு வரவில்லை.

"ஆறோடு எத்தனை சேர்ந்தால் எட்டு?" என்றேன்
எனக்கே பிடிக்காத ஒரு குரலில்.
அவள் குப்புறப் படுத்து
அந்த இடைவெளியில் ஒரு கண்ணை வைத்தாள்.
"அந்தப் பக்கம் நீ தூங்குற."

தூங்கித்தான் போயிருந்தேன்.

இரவு மைனஸ் முப்பத்திரண்டு.
கன்வேயரை ஒட்டி நடக்கையில் இடது குதிகாலில் குத்தல்.
கரித்துகள் என்று நினைத்து மூன்று மணி வரை பொறுத்தேன்.
கம்பளிக் காலுறையோடு அந்தப் பூட்ஸைக் கழற்றுவது
ஒரு தனி வேலை.
கவிழ்த்தேன்.
சிவப்பு. இரட்டைக் குமிழ்.

லுவ்சான் அதைக் கரிபடிந்த உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தான்.
"என் பையன் இதில் ஒன்றை விழுங்கிவிட்டான்.
மூன்று நாள் காத்திருந்தோம்" என்று திருப்பிக் கொடுத்தான்.

என் கையில் இரண்டு.
வீட்டில் இரண்டு இல்லை.
விடியும்வரை இதே கணக்கு.
நான் போவேன், வைப்பேன், டிக் என்று உட்காரும்,
அவள் கத்துவாள், ஸெவெக் தட்டுவார்.

கதவைத் திறந்தேன். சுவர் முடிந்திருந்தது.
நான்கு, இரண்டு,
பிறகு மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று.
ஒன்றும் ஒன்றும்.
நான் சொல்லித்தரவில்லை.
அதன்மேல் இன்னும் இரண்டு வரிசை ஏறியிருந்தது:
மூன்று மூன்று ஒன்று ஒன்று.
ஆறு ஒன்று ஒன்று.
துல்மா உப்புத் தேநீரை ஆற்றிக்கொண்டே,
"நான் தொடவேயில்லை" என்றாள்.

பரிசு தருகிறவனைப் போல சிவப்பை நீட்டினேன்.
வாங்கினாள். சுவரோடு வைத்து அளந்தாள்.
"இப்ப இதுக்கு இடம் இல்லப்பா."

குத்தியது. குதிகாலில் இல்லை.

சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.
அவள் தீயணைப்பு வீரரைத் தேடி எடுத்தாள்,
கழுத்தில் சிவப்பை அமுக்கினாள்.
இரண்டு குமிழும் உச்சியில் கொம்பாக நின்றன.
"இப்ப இவர் ஆடு. தீயணைக்கிற ஆடு."
ஜன்னல் விளிம்பில்,
புகைபோக்கிகள் தெரிகிற பக்கமாக அவரை நிறுத்தினாள்.
"உன் வேலை எடத்தப் பார்க்கட்டும்."

கீழே ஸெவெக் குழாயைத் தட்டினார்.
நாங்கள் இன்னும் எதையும் கொட்டவேயில்லை.