இடப்பக்கக் கண்ணாடி

கோணிப்பையில் சுற்றி
அறுத்தெடுத்த ஒரு ஜோடி காதைப் போல
கொண்டுவந்தாள் அஞ்சலாட்சி.
விழுப்புரம் காயலான் கடையில் கிடந்தவை.
எங்கோ மோதி நசுங்கிய கார்.
ஆயிரத்து நானூறு சொன்னானாம்,
தொள்ளாயிரத்துக்கு முடித்திருக்கிறாள்.
‘மோட்டார் ஓடுமாண்ணே?’
ஓடும், ஓடாமலும் போகும் என்றேன்.

செம்மண்டலத்தில் என் கடை முன்னால்
பிக்கப் நிற்கிறது,
ஐஸ் தண்ணீர் பின்கதவில் சொட்டச் சொட்ட.
ராத்திரி தேசிங்கு ஓட்டுவான்,
முதுநகர் மீன், பண்ருட்டி வரைக்கும்.
பகலில் இவள்,
மஞ்சக்குப்பம் பூராவும் தண்ணீர் கேன்.
அவன் ஆறடி.
இவள் தலையணை போட்டு உட்கார்ந்தும்
ஸ்டியரிங்குக்கு மேலே நெற்றிதான் தெரியும்.
வலப்பக்கக் கண்ணாடி கைக்கு எட்டும்.
இடப்பக்கத்துக்கு ஒரு கிளீனர் பையன் இருந்தான்.
ஆனியில் திருப்பூர் போய்விட்டான்.
காலையில் அந்தக் கண்ணாடியில் இவளுக்கு வானம்.
ராத்திரி அவனுக்குப் பின்சக்கரமும்
கொஞ்சம் தாரும்.

கெடிலம் பாலத்தில் ஒருநாள்
நடுரோட்டில் இறங்கி ஓடித் திருப்பினாளாம்.
பின்னால் நின்ற டவுன் பஸ்காரன் கேட்டதை
எழுத முடியாது.

கதவுப் பேடைக் கழற்றினேன்.
மணல், மீன் செதில்,
அடியில் ஒட்டிக்கிடந்தது ஐநூறு ரூபாய் நோட்டு.
கண்ணாடி இறங்குகிற சந்தில் விழுந்திருக்கிறது.
‘இதுக்காக அவரோட மூணு நாள் பேசலை’ என்றாள்.
உதறி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.
அவனிடம் சொன்னாளா, தெரியாது.

தொட்டதும் எர்த் ஒயர்
பச்சைத் தூளாய் உதிர்ந்தது.
இந்த ஊர்க் காற்று செம்பையும் தின்னும்.

கண்ணாடிக்கு ஐந்து ஒயர்.
எது எதற்கென்று சொல்ல ஆளில்லை,
சொல்லக்கூடிய கார் உருகிக் கம்பியாகியிருக்கும்.
இரண்டு, இண்டிகேட்டருக்கு.
மீதி மூன்றை பேட்டரியில்
தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
சும்மா இருந்தது.
பிறகு ஒரு கிர்ர்.
இடமும் வலமுமாய்த் தலையசைத்தது, மாட்டேன் என்று.
ஒயரை மாற்றினேன்.
மேலும் கீழுமாய், சரி சரி என்று.
‘எங்க நாத்தனார் மாதிரிதான்’ என்றாள்,
‘எந்த ஒயரைத் தொடணும்னு தெரியணும்.’

இதோடு விடவில்லை.
போன் சார்ஜர் ஒன்று,
லோடு இறக்கும் இடத்தில் ஒரு எல்இடி,
ரிவர்ஸ் போட்டால் கத்துகிற பஸ்ஸர்.
பழைய ஃப்யூஸ் பெட்டி தாங்காது.
தனியாய் ஒரு பத்து ஆம்பியர், ஒரு ரிலே.
சேஸிஸில் பெயின்டைச் சுரண்டி
இரும்பின் வெள்ளை தெரிய எர்த்தை முடுக்கி
வாசலின் பூசினேன்.

சாயங்காலம் தேசிங்கு வந்தான்.
‘மீன் வண்டிக்கு எதுக்குடா இந்த மேக்கப்?’
சுவிட்சை ஒருதரம் அமுக்கினான்.
இன்னொருதரம்.
டீ ஆறிப்போகும்வரை
அமுக்கிக்கொண்டே இருந்தான்.

‘ரெண்டு பேர் அளவையும் ஞாபகம் வச்சுக்குமா?’
அவள்தான் கேட்டாள்.
அது நாற்பது லட்ச ரூபாய்க் காரில் என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
நகப்பாலீஷ் எடுத்து
சுவிட்சின் கீழ்ப்பக்கம் நாலு புள்ளி வைத்தாள்.
தனக்குக் கீழே நாலு அமுக்கு.
அவனுக்கு மேலே நாலு.

ஐப்பசி மழையில் ஃப்யூஸ் போனது.
கதவு ரப்பரில் நான் விட்ட ஓட்டை.
காசு வாங்கவில்லை.

மார்கழியில் ஒரு விடியல்,
பாலத்தை ஒட்டிய டீக்கடை.
இன்ஜின் ஓட நிற்கிறது அந்த வண்டி.
அவன் இறங்கி இரண்டு டீ சொல்கிறான்.
உள்ளே அவள் ஏறுவது பனியில் தெரியவில்லை,
கதவு சாத்துகிற சத்தம் மட்டும்.
பிறகு இடப்பக்கக் கண்ணாடி
மெல்லக் குனிந்தது.
எண்ணினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
கொஞ்சம் நின்று
ஐந்தாவதாய் ஒன்று.

தலையணை அமுங்கியிருக்கும்.