மண் விலை

உவர்மலைக் கூட்ட மண்டபத்தில்
"சுவரில சாயாதீங்க, பெயின்ட் இன்னும் காயல்ல"
என்றார் காவலாளி.

நான் மொழிபெயர்க்க வந்தவள்.
காதில் ஒரு மொழி, வாயில் இன்னொன்று.
இரண்டுக்கும் நடுவே
எனக்கென்று அபிப்பிராயம் இருக்கக் கூடாது,
நாட்கூலிக்கு அது சேர்த்தியில்லை.

தேசிய விஞ்ஞான, புத்தாக்கக் கொள்கை. வரைவு.
நீண்டகாலச் செழிப்பு என்று நான் சொன்னதும்
மூன்றாம் வரிசையில் ஒரு கை:
"நீண்டகாலமெண்டா எத்தனை வருசம்?"
கொழும்பிலிருந்து வந்தவர் சிரித்தார்.
இருபத்தைந்து என்றார்.
நானும் இருபத்தைந்து என்றேன், சிரிக்காமல்.

கேட்டவர் சபூர்தீன்,
புல்மோட்டை மணல் ஆலையில் பகுப்பாய்வாளர்.
இருமல் மருந்துப் போத்தலொன்றைத் திறந்து
வெள்ளை மேசைவிரிப்பில் கவிழ்த்தார்:
இல்மனைட், கருகருவென்று.
பழைய கணினியில் கழற்றிய காந்தத்தை
மேலே பிடித்தார்.
மணல் எழுந்து நின்றது,
பெயர் கூப்பிட்ட பிள்ளையைப் போல.

"கப்பலேறும்போது இதுக்கு மண் விலை.
திரும்பி வாறது வாளியில, வெள்ளையா.
அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்க சேர்."

மண் விலை.
அந்த மொழியில் எனக்குச் சொல் அகப்படவில்லை.
மலிவு என்று சொல்லிவிட்டேன்.
மலிவு என்றால் யாருக்கும் வலிக்காது.

யாரும் சுவரைத் தொடவில்லை.
பக்கம் நாற்பத்தொன்றைப் பார்க்கச் சொன்னார்கள்:
'பெறுமதி சேர்த்தல்', எட்டு வரி.

அப்போதுதான் யதுர்ஷா எழுந்தாள்,
கோணேசபுரி வளாகத்து ஆய்வுகூடம்.
உலை பழுதாகிப் பதினாலு மாதம்.
வேண்டியது வெப்பம் அளக்கும் ஒரு கம்பி,
பெருவிரல் நீளம்.
கேள்விமனு மூன்று தரம் போய்
மூன்று தரம் திரும்பியது.
"உங்கட இருபத்தைஞ்சில
பதினாலு மாசம் போயிட்டுது" என்றாள்.
கணக்கு அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் இறால் பொரியல், இரண்டு வகைப் புடிங்.
கம்பியின் விலையைத்
தட்டுகளின் எண்ணிக்கையால் பிரித்துப் பார்த்தேன்.
அதுவும் என் வேலையில்லை.

விரிப்பை உதறிய பையன்
மணலை யன்னலால் கொட்டினான்.
கீழே மேய்ந்த மான் ஒன்று
காதை மட்டும் ஆட்டியது.

நிலாவெளி பஸ்ஸில்தான் கண்டேன்,
வலது முழங்கையில் வெள்ளை.
எப்போது சாய்ந்தேனோ தெரியாது.

இரவு கூட்டக் குறிப்பு எழுதும்போது
மலிவை வெட்டினேன்.
மண் விலை என்று தமிழிலேயே விட்டேன்,
அவர்களுடைய வாக்கியத்தின் நடுவில்.
இது என்ன என்று கேட்டு
மின்னஞ்சல் வரும்.
வரட்டும்.