இரண்டு படிகள்

த்ரியெஸ்தேயில் காபிக்கு வேறு பெயர்கள்.
நீரோ என்றால் கறுப்பு.
காப்போ என்றால் மேலே ஒரு துளி பால்.
மிலானில் போய்க் காப்போ கேட்டால்
முதலாளியைத் தேடுகிறீர்களா என்பார்கள்.
குவளைக்குள் இருப்பது அதே காபி.

கேஜும் அப்படித்தான், ஃபுல்வியோ, என்றாள் நீவெஸ்,
சர்க்கரைப் பொட்டலத்தின் முதுகில் எழுதியபடி.
அவள் கூலும் கேஜில், நான் இருமுனை கேஜில்.
ஓர் அலைநடத்தி, அதன் ஓரத்தில்
ஒரேயோர் செயற்கை அணு.
ஜூனில் வக்கீல்கள் வீட்டைப் பிரித்தார்கள்,
புத்தகங்களை, மீன்தொட்டியை.
நிரலைப் பிரிக்க யாருக்கும் தெரியவில்லை.

பிணைப்பு மெலிதாக இருந்தவரை
அவள் கோடும் என் கோடும்
ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன.
நீலமா சிவப்பா என்று பிரிண்டரே திணறியது.
பத்தில் ஒன்றைத் தாண்டியதும் லேசாக விலகல்.
பாதியை எட்டும்போது
அவள் அணு ஒளியை விழுங்கி முடித்திருந்தது,
என்னுடையது இன்னும் மென்றுகொண்டிருந்தது.

அது போரா காற்றின் வாரம்.
கரையோரம் மோட்டார் சைக்கிள்கள்
வரிசையாகச் சாய்ந்து கிடந்தன.
முன்பெல்லாம் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்களாம்,
பிடித்துக்கொண்டு நடக்க.
எங்களிடம் கயிறில்லை, கத்தினோம்.
உன் கேஜ் பொய் சொல்கிறது என்றேன்.
கேஜ் பொய் சொல்லாது, நீ சொல்வாய் என்றாள்.
அணுவைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று
நானாக நினைத்துக்கொண்டேன்.

இருட்டில், எல்லாம் அடங்கிய அடிநிலையில்
எத்தனை ஃபோட்டான்?
என் எண் வேறு, அவள் எண் வேறு.
அதில் சண்டையில்லை.
இது ஒளி, இது அணு என்று
கோடு கிழிப்பவர்கள் நாம்தானே.
ஆனால் உணர்கருவி சொடுக்குவது
ஒரே எண்ணாக இருந்தாக வேண்டும்.

வியாழன் இரவு, இரண்டரை மணிக்கு அழைத்தாள்.
வணக்கம்கூட இல்லை. ஏணி, என்றாள்.
அணுவின் ஏணிக்கு முடிவில்லாத படிகள்.
கீழிரண்டை வைத்துக்கொண்டு
மீதியைக் கத்தரித்தோம், நீயும் நானும்.
முழு ஏணி இருக்கும்வரை
எந்தப் படியால் அளந்தாலும் அரிசி ஒன்றுதான்.
வெட்டிய பிறகு
என் இரண்டு படி உன் இரண்டு படி இல்லை.

ஆகவே, கேஜை மாற்றும் சுழற்சியையும்
வெட்டிய இடத்துக்குள்ளேயே சுழற்ற வேண்டும்.
சுழற்றினோம்.
இரண்டாம் அடுக்கோடு நின்றிருந்த அவள் சமன்பாட்டில்
கொசைன் முளைத்தது, பக்கத்தில் சைன்,
அடுக்குகளுக்கு முடிவே இல்லை.
கோடுகள் ஒட்டிக்கொண்டன.
பிரிண்டர் மறுபடி திணறியது.

எங்கள் பதினொரு வருடத்தை நான் சொல்லும்போது
எந்தப் படிகளை விட்டுவிட்டுச் சொல்கிறேன்?
எண்ணத் தொடங்கவில்லை.
அவள் எண்ணியிருப்பாள்.

காலையில் அதே கடை. யாரோ கதவைத் திறக்க
காற்று உள்ளே வந்து
சர்க்கரைத் தாளைத் தூக்கிப் போனது.
காபிக்குக் காசு கொடுத்தது நான்.
அவள் வேறு மாதிரி சொல்வாள்.