பத்து ரூபாய்க் குத்தி

கொட்டகலையில் விடியற்காலை
சைக்கிளை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினேன்.
பார்க்க ஆளில்லை.
ஒரு நாய் பார்த்தது.

பிரேம் மட்டும் ஒரு கிலோ சொச்சம். கார்பன்.
கரியை நூலாக்கிப் பசையில் ஊற வைத்து
அடுக்கடுக்காய் ஒட்டியது என்று
ருமேனியாவுக்குப் போகுமுன் கஜமோகன் சொன்னான்,
பாதி விலைக்குத் தரும்போது.
மற்றப் பாதி எங்கே போனதென்று
நான் கேட்கவில்லை.

அதன்மேல்தான்
கூடாரம், ஸ்பிரிட் அடுப்பு, சிவப்பரிசி, சம்பல் போத்தல்,
மழைக் கோட்டு,
அந்த மழைக் கோட்டை நம்பாமல் இன்னொன்று.
பந்தயத்துக்கென்று பிறந்த பிரேம்,
கரியர் பூட்ட ஒரு துளைகூட இல்லை.
பழைய ரியூப்பை வெட்டிச் சுற்றி
இரும்புப் பட்டி போட்டு முறுக்கினேன்.
ஆணி இன்னொரு சுற்றுக்கு இடம் கொடுத்தது.
கொடுக்கிறதே என்று
அதையும் முறுக்கினேன்.

தலவாக்கலை தாண்டி ஏற்றம்.
கொழுந்து மடுவத்தில் தராசு தொங்கியது.
"மூட்டை எத்தன கிலோ தம்பி?"
கூடையை இறக்காமலே கேட்டார் கமலவேணி.
தெரியாது என்றேன்.
"தெரியாமலா சுமக்கிற?"
கொக்கியில் மாட்டினார்கள். பதினெட்டு.
ஒரு பெயர் விழும் நிறை.
கணக்கப்பிள்ளை முகம் மாறாமல்
"தண்ணிக்கு ரெண்டு கழிவு, பதினாறுதான் போடுவேன்" என்றார்.
மலையே சிரித்தது.
சைக்கிளையும் மாட்டிப் பார்த்தார்கள். எட்டு.
"எட்டு பதினெட்டத் தூக்குதா?"
பிறகு, யாரும் கேட்காமலே,
"நான் நாப்பத்திரெண்டு" என்றார் கமலவேணி.

ராதெல்ல வளைவில் அது தொடங்கியது.
மிதிக்கு ஒரு டிக்.
வேர்க்கடலை உடைக்கும் சத்தம்.
நிறுத்தினால் இல்லை, ஏறினால் உண்டு.
திரும்பித் தலவாக்கலைக்கே உருட்டி வந்தேன்.

பஸ்லான், பஸ் நிலையத்துப் பின்சந்தில்
ஆட்டோக்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்.
"கார்பன் நான் தொட்டதில்ல" என்றுதான் ஆரம்பித்தார்.
"ஒரு குத்தி தாங்க."
பத்து ரூபாய்க் குத்தியால்
குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போனார்,
பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி காதைச் சாய்த்து.
கிண். கிண். கிண்.
என் இரும்புப் பட்டியைக் கழற்றினார்.
அது கடித்த தழும்பில் தட்டுமுன்
நான் வேறு பக்கம் பார்த்தேன்.
கிண்.

கீழ்க் குழாயில், தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில்,
தொப்.
மறுபடி. தொப்.
நகத்தால் சுரண்டினார்.
கறுப்பின்மேல் கறுப்பாக
யாரோ பொறுமையாய்ப் பூசிய வர்ணம்
செதிலாய் உதிர்ந்தது.
உள்ளே மயிரளவில் ஒரு கோடு.

"இது உங்கட சுமை உடைச்சதில்ல. பழைய விழுகை.
சுமை ஏத்தினதால வாயத் திறந்திருக்கு."
கைகளைத் துடைத்துக்கொண்டார்.
"இரும்பெண்டா வளைஞ்சு காட்டும்.
இது காட்டாது. போற அண்டைக்குப் போயிடும்."

போன மார்கழியில்
றம்பொடை வளைவுகளில் இறங்கப் போன கஜமோகன்
மூன்று நாள் போனை எடுக்கவில்லை.
நாலாம் நாள் வந்து
தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையால் பிடித்தான்.
வெல்டிங் வேலைக்கு மெடிக்கல் இருக்கிறது என்றான்,
வேறொன்றும் சொல்லவில்லை.
புதிதாய் முளைத்த இடக்கைப் பழக்கத்தை
நான்தான் கேலி செய்தேன்,
அவன் என்னைவிட அதிகமாய்ச் சிரித்தான்.

பஸ்லான் கூலி வாங்கவில்லை.
குத்தியை மட்டும்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஹட்டன் பஸ்ஸில் கண்டக்டர்
பைகளுக்கு டிக்கெட் கிழித்தார்.
சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்த்து
"இதில என்ன இருக்கு" என்று
சும்மா விட்டுவிட்டார்.
கடைசி சீட்டில் அதை மடியோடு சாய்த்துக்கொண்டு
தோள் எப்படி என்று
ருமேனியாவுக்கு எழுதினேன்.

கொட்டகலையில் இறங்கும்போது
பதில் வந்திருந்தது.
எந்தத் தோள்?