வெற்றுக் கட்டம்

முதல் நாளே கதவு என்னை நம்பவில்லை.
அட்டையை மூன்று தரம் காட்டினேன்,
மூன்று தரமும் சிவப்பு.
வரவேற்பில் இருந்த புதுப் பெடியன்
திரையில் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னான்:
"நீங்கள் இன்னும் போனவராகத்தான் இருக்கிறீர்கள்."
ஜெர்மனில் அது வெறும் பதிவுக் குறிப்பு.
எனக்குள் தமிழில் கேட்டது.

பத்தொன்பது மாதம்.
நோய் இல்லை. பிள்ளை இல்லை.
யாரும் நீக்கவும் இல்லை.
ஒரு நவம்பர் காலை, ஸ்டவுஃபாஹர் தரிப்பில்,
வந்த ட்ராமின் நெற்றியில் பதினான்கு என்றிருக்க,
ஏறியதா இறங்கியதா என்று யோசித்தபடி நின்றேன்.
ட்ராம் போய்விட்டது.
அடுத்த பதினான்கும் போனது.
அன்று பின்னேரமே கடிதம் கொடுத்தேன்.

காரணம் கேட்டவர்களுக்கு இதைச் சொல்ல முடியுமா?
வின்டர்தூர் மண்டபத்தில், யாரோ வீட்டுச் சாமத்தியச் சடங்கில்,
சுகிர்தாக்கா என் வயிற்றைப் பார்த்தபடியே கேட்டார்,
"ஏதும் விசேஷமோ?"
விசேஷம்தான் அக்கா.
பத்து மணிக்கு எழும்புகிறேன்.

கோடை முழுக்க லிமாட் ஆற்றில் கிடந்தேன்.
மேலே குதித்து, கீழே இரும்பு ஏணியைப் பிடித்தேறி,
ஈரத்தோடு நடந்து மறுபடி மேலே.
போர்த்துக்கீசம் தொடங்கினேன்,
இருபது வினைச்சொல்லோடு விட்டேன்.
புளித்த மாவில் பாண் சுட்டேன்; ஆறு தரமும் கல்.
சேமிப்பு கரைவதை மாதம் ஒருமுறைதான் பார்ப்பதென்று விதி.
முதலில் மணிக்கொரு தரம் மீறினேன்,
பிறகு பார்க்கவே மறந்தேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்று:
எண்களின் ஞாபகம் வந்தது.
சம்பளத்தின் ஞாபகமும் வந்தது, பொய் சொல்வானேன்.
ஆனால் நெடுக ஒரு நிரலை வாசித்துப் போகையில்
ஓர் இலக்கம் மட்டும்
சோற்றுக் கல்லாய்ப் பல்லில் படுமே,
அது.
மிக்ரோஸ் பற்றுச்சீட்டில் அதைத் தேடத் தொடங்கிய அன்று
தெரிந்துவிட்டது, திரும்பப் போவேன்.

நேர்காணலில் ரெட்டோ
என் விண்ணப்பத்தின் இடைவெளியில் பேனா முனையை வைத்தான்.
முன்பு எனக்குக் கீழே இருந்தவன். மரியாதையான ஆள்.
"இந்தக் காலத்தில் என்ன செய்தாய்?"
ஆலோசனை, பயிற்சி, தற்கல்வி என்று
இரவு முழுக்கப் பாடமாக்கியதெல்லாம் தொண்டையில் நிற்க,
"நீந்தினேன்" என்றேன்.
எழுதிக்கொண்டான். என்ன எழுதினான் என்று தெரியாது.
ஒரு படி கீழே எடுத்தார்கள்.
அந்தப் படியை நான் கணக்கில் வைத்திருந்தேன்.
கணக்கில் வைத்ததும் வலித்தது.

இன்று வியாழன், நாலாம் வாரம்,
இரவு ஒன்பது இருபது.
பக்கத்து மேசையில் யானிக்
ஆறிய பாஸ்தாவோடும் ஒரு கடன் அறிக்கையோடும் மல்லாடுகிறான்.
சராசரி விழுந்து கிடக்கிறது, ஏனென்று தெரியவில்லை.
காலை எட்டுக்கு ரெட்டோவுக்கு வேண்டும்.

நிரலில் இறங்கினேன்.
நாற்பதாவது வரியில் பல்லில் பட்டது.
தரவு கிடைக்காத மாதங்களுக்கெல்லாம்
யாரோ பூச்சியம் போட்டு நிரப்பியிருந்தார்கள்.

அழி, என்றேன்.
"எதைப் போட?"
ஒன்றும் போடாதே. வெற்றாய் விடு.
பூச்சியம் என்றால் அதுவும் ஆளாய் வந்து குந்திக்கொண்டு
மற்றவற்றைக் கீழே இழுக்கும்.
வெற்றுக் கட்டத்தைக் கணக்கு தாண்டிப் போகும்.

ஒவ்வொன்றாய் அழித்தான்.
பத்தொன்பது இருந்திருந்தால் இந்தக் கவிதைக்கு வாய்ப்பாக இருந்திருக்கும்.
ஏழுதான்.
சராசரி எழும்பி உட்கார்ந்தது.
யானிக் பாஸ்தாவை முடித்தான்.

மேலங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால்
கதவு பச்சை காட்டுகிறது, என்னைத் தெரிந்ததுபோல.
பைக்குள் ஃபோன் ஒரு தரம் அதிர்கிறது,
ரெட்டோவாக இருக்கும்.
பதினான்கு வர இன்னும் 6 என்கிறது தரிப்புப் பலகை.
தமிழில் வாசிக்கிறேன்:
ஆறு.
ஃபோனை எடுக்கவில்லை,
இன்னும்.