தடம் பதினொன்று

"நெட்டு கீது, ஆனா ஓடல" என்றார் ஜபருல்லா பாய்,
சத்தம் போடாதீர் என்று நான்கு மொழியில் எழுதிய
பலகைக்குப் பின்னாலிருந்து.
பாபு ராவ் தெரு லாட்ஜ். பத்து மணிக்கு மேல் மாடி மாடியாய் அறுகிறதாம்.
வங்காளத்துக்காரர்கள் இறங்கி வந்து இந்தியில் சண்டை.
உருதுவில் பதில் சொல்லியே இவருக்குத் தொண்டை போச்சு.

மூன்றாம் மாடிப் படித் திருப்பத்தில் லேப்டாப்பைத் திறந்தேன்.
ஆபீசர்ஸ் லைனில் வாங்கிய வைஃபை குச்சி,
போன வருஷத்து அதே கம்பெனி, அதே நீல அட்டைப்பெட்டி.
உள்ளே சிப்பு மட்டும் வேறு.
பெட்டிக்குத் தெரியும். சொல்லவில்லை.
டிரைவர் ஏறவில்லை.
கெர்னல் ஒரே ஒரு வரி எழுதியது:
ஃபர்ம்வேர் கோப்பு காணோம், பிழை எண் மைனஸ் இரண்டு.
பாலாற்றில் தண்ணீர் அளவு சொல்வதைப் போல.

கோப்பைப் போன் வழியே இறக்கி, மாட்யூலைக் கழற்றி மாட்டி,
மானிட்டர் மோடுக்கு மாற்றினேன். பேசாதே, கேள்.
ஒன்பது விநாடி கேட்டது.
நெட்வொர்க் மேனேஜர் வந்து காதைத் திருகி
மறுபடி பேச இழுத்துக்கொண்டு போனது.
அதை நிறுத்தினேன்.
அப்புறமும் வந்ததெல்லாம்
எதிர் மெடிக்கல் ஷாப் பிரிண்டர்,
தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு.
அரைமணி கழித்துத்தான் உறைத்தது:
நான் ஒன்றாம் தடத்தில் காதை வைத்திருக்கிறேன்,
லாட்ஜ் பதினொன்றில் கத்திக்கொண்டிருக்கிறது.

மாற்றினேன். கொட்டியது.
நாலு மாடி, நாலு ரவுட்டர், எல்லாமே பதினொன்று.
ஒன்று முடிக்குமுன் இன்னொன்று.
பாதிப் பாக்கெட்டில் 'மறுபடி' என்ற கொடி.
கோளாறு கிடைத்துவிட்டது, எழுந்து போகலாம்.

போகவில்லை.
நடுவில் பழைய போன்கள் தங்களுக்குத் தெரிந்த வலைகளைப்
பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.
புதுசெல்லாம் வாயை மூடக் கற்றுக்கொண்டுவிட்டது.
இதுகளுக்கு வரவில்லை.
மண்டல் ஸ்வீட்ஸ், இருக்கிறாயா?
துர்காபூர் மாடிவீடு, இருக்கிறாயா?
ஒன்று மட்டும், சிக்னலைப் பார்த்தால் அடுத்த அறை,
விட்டு விட்டு ஒரே பெயரை:
ஜும்பா ரூம்
ஜும்பா ரூம்
காட்பாடியிலிருந்து ஒன்றரை நாள் ரயில் தூரம்.

இரண்டு கட்டளை போதும்.
அந்தப் பெயரில் பூட்டில்லாமல் நானே ஒரு வலையை எழுப்பினால்
வீடு வந்துவிட்டது என்று அந்தப் போன்
ஒட்டிக்கொண்டாலும் ஒட்டிக்கொள்ளும்.
விரல் விசையில் இருந்தது.
கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.
எவர்சில்வர் தட்டில் கரண்டி விழுந்தது.

பிடித்ததைச் சேமிக்கவா என்றது திரை.
வேண்டாம்.

ரவுட்டர்களை ஒன்று, ஆறு, பதினொன்று, மறுபடி ஒன்று எனப் பிரித்துவிட்டுக்
கீழே இறங்கினேன்.
"இன்னாபா கோளாறு?"
"எல்லாரும் ஒரே இடத்துல பேசுனாங்க பாய்."
"இத்த சொல்றதுக்கா நானூறு?"
முந்நூற்றைம்பது எண்ணிக் கொடுத்தார்.