மாதிரி எண் பதினேழு

பாப்பிரெட்டிப்பட்டி மில்லில் வாங்கிய மரவள்ளி மாவு
நூறு மில்லி தண்ணீரில் ஐந்து கிராம்.
சூடேற ஏறக் கரண்டி கனக்கும்;
பால் நிறம் போய்க் கண்ணாடியாகிற நேரத்தில்
கிளிசரின் விட வேண்டும்.
குறைந்தால் அப்பளம்.
கூடினால் கையோடு வரும் பிசின்.
பதினாறு தட்டுகள் அப்படித்தான் போயின.

பதினேழில் மாங்கொட்டைச் சாறு சேர்த்தேன்.
காவேரிப்பட்டணம் கூழ் ஆலையின் பின்புறம்
ஈ மொய்த்துக் கிடந்த கொட்டைகள்.
டிராக்டர் முனிராஜ் காசு வாங்கவில்லை,
"எடுத்துட்டுப் போனாலே புண்ணியம்."
பருப்பை உடைத்து உலர்த்தி
எரிசாராயத்தில் ஊறவைத்ததில்
விரல் நுனி ஒரு வாரம் மஞ்சள்.

தாளும் மஞ்சளாகவே காய்ந்தது.
அதன் வழியே பார்த்தால்
தருமபுரியின் உச்சி வெயில்
ஐந்து மணி வெயில்.
கருவியில் வைத்தேன்:
முந்நூற்று இருபது நானோமீட்டரில்
கோடு படுத்துவிட்டது.
கண்ணுக்குத் தெரிகிற ஒளி உள்ளே,
தெரியாமல் சுடுகிறது வெளியே.
பூட்டிய ஆய்வகத்தில் ஒரு கத்து கத்தினேன்.

பாலக்கோட்டுச் சாலையில் தக்காளி நாற்றுப் போடும்
நாகவேணி கேட்டது ஒன்றுதான்:
"எத்தன நாள் தாங்கும்?"
வெயிலில் நாற்பது என்றேன்.
"மழ வந்தா?"

தாங்கு என்கிறேன்,
மட்கு என்கிறேன்,
ஒரே தாளிடம்
ஒரே வாயால்.

இருபத்துமூன்றாம் நாள் காலை
பந்தலில் நான்கு குச்சிகள் மட்டும் நின்றன.
தாடியில் மஞ்சள் கிழிசலோடு
அவளுடைய வெள்ளாடு
என்னைப் பார்த்து அசைபோட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.
போன ஆடியில் செத்த இதன் தாயை அறுத்து
மாட்டு டாக்டர் இழுத்துப் போட்டதை
கையை விரித்துக் காட்டினாள்:
கேரி பை, உரச்சாக்கு நூல்,
கல்யாண மண்டபத்து மேசை விரிப்பு
ஒரு முழம், மடிப்புக்கூடக் கலையாமல்.

அன்று முழுக்க ஆட்டின் பக்கத்திலேயே இருந்தோம்.
பொழுது சாய்கையில்
வழக்கம்போல் புழுக்கை போட்டது.
நாகவேணி குனிந்து, குச்சியால் கிளறி,
இரண்டு முறை பார்த்தாள்.

குறிப்பேட்டில் 'சிதைவு நேரம்' கட்டத்தில்
ஒரு பகல் என்று எழுதினேன்.
'ஊடகம்' கட்டத்தில் ஆடு.

"அடுத்தது கொஞ்சம் கசக்கற மாதிரி செய்ங்க மேடம்."
வேப்பெண்ணெய் சேர்க்கலாம் என்றேன்,
பேருந்து ஏறும் நிமிடத்தில்.
கண்டக்டர் விசிலுக்கு மேல் அவள் குரல்:
"வேப்பந்தழைன்னா
அதுக்கு உசுரு!"